தாமான் (குடியிருப்பு) பின்னால் இரவில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது, புகார் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்வது?

கேள்வி: பினாங்கு சிம்பாங் அம்பாட் பக்கம் தாமான் வீடு. பின்னால் உள்ள லோங்காங்கில் (வடிகாலில்) இரவு நேரத்தில் கறுப்பாக, நுரையோடு தண்ணீர் ஓடுகிறது. எந்தத் தொழிற்சாலை என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று முறை புகார் செய்தோம். ஆள் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். லஞ்சம் வாங்கிக்கொண்டார்களா?

பதில்:

லஞ்சம் என்று முடிவு கட்டுமுன் நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஓடியது இரவில். நீங்கள் போன் செய்தது அநேகமாக மறுநாள் காலையில். அதிகாரி மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தால் அங்கே நிற்பது மழைத்தண்ணீர்தான். அவர் எழுதியது பொய்யில்லை. உண்மையிலேயே பணம் கைமாறியது என்று தெரிந்தால் எஸ்.பி.ஆர்.எம். (ஊழல் தடுப்பு ஆணையம்) எண் 1-800-88-6000. ஆனால் அங்கேயும் தேதி, இடம், ஆள் கேட்பார்கள். ஊகத்தை வைத்து அவர்களும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, இது பலருக்கும் தெரிவதில்லை. சுற்றுச்சூழல் துறை (ஜே.ஏ.எஸ்.) அதிகாரி வழக்கமாக மாதிரி எடுப்பது தொழிற்சாலையின் இறுதி வெளியேற்றக் குழாயில். ஆவணத்தில் காட்டியிருக்கும் குழாய் அது. கள்ளத்தனமாக விடுகிறவன் அந்தக் குழாயிலா விடுவான்? மழைநீர் லோங்காங்கில் ஒரு பக்கக் குழாய் வைத்து அதில் விடுவான். அதிகாரப்பூர்வக் குழாயில் எடுத்த தண்ணீர் சோதனையில் தேறிவிடும், உங்கள் வீட்டுப் பின்னால் நாற்றம் தொடரும். ஆகவே உங்கள் வேலை, தண்ணீர் எந்த இடத்தில், எந்த நேரத்தில் லோங்காங்கில் இறங்குகிறது என்று காட்டுவது. 'எல்லாருக்கும் தெரியும்' என்பதை எந்த நீதிமன்றமும் சாட்சியாக எடுக்காது.

முதலில் அது தொழிற்சாலைத் தண்ணீர்தானா? கறுப்பு மட்டும் போதாது. உணவுக்கடை எண்ணெயும் சோறும் தேங்கி, காற்றில்லாமல் அழுகினால் சல்ஃபைடு சேர்ந்து தண்ணீர் கறுக்கும், அழுகின முட்டை வாடை வரும். தாமானின் கழிவுநீர் லோஜி (சுத்திகரிப்பு நிலையம்) பழுதானாலும் இப்படித்தான், அதற்குப் போக வேண்டிய இடம் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். தண்ணீர்மேல் வானவில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியா, இயற்கையானது. உடனே ஒன்றுசேர்ந்து மூடிக்கொண்டால் எண்ணெய். பால் மாதிரி வெள்ளையாக ஓடினால் லேடெக்ஸ், பெயின்ட் கழுவிய தண்ணீர், சோப்பு ஆகியவற்றை யோசிக்கலாம். இரவில் லோங்காங்கிலிருந்து ஆவி எழுந்தால் அது நல்ல தடயம்: வீட்டுத் தண்ணீர் அவ்வளவு தூரம் சூடாக ஓடிவராது, பாய்லரோ சாயத்தொட்டியோ எங்கோ திறந்திருக்கிறது.

அடுத்தது மேல்நோக்கித் தேடுவது. கறுப்பைப் பார்த்த இடத்திலிருந்து தண்ணீர் வரும் திசையில் நடந்து, இரண்டு லோங்காங் சேரும் ஒவ்வொரு சந்திலும் எந்தப் பக்கம் அழுக்கு, எந்தப் பக்கம் சுத்தம் என்று குறியுங்கள். கடைசியாகச் சுத்தமாக இருந்த இடம் ஒன்று, முதலில் அழுக்காக இருந்த இடம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழாய் இருக்கும். பொதுச்சாலை, பொது லோங்காங் ஓரத்தில் நின்றே இதைச் செய்யலாம். வேலி தாண்டாதீர்கள், மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள். மூடிய குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும், அதற்குப் பிறகு மயக்கம்தான்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு பி.எச். (அமிலத்தன்மை) மீட்டரும் ஒரு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள பொருளின் அளவு) மீட்டரும் போதும், ஷாப்பியில் மலிவாகவே கிடைக்கும். பி.எச். தாள் வாங்காதீர்கள், சாயத்தண்ணீரில் தாளே நிறம் ஏறிப் பொய் சொல்லும். மீட்டரை பி.எச். 4, 7 பஃபர் (அளவு தெரிந்த) கரைசலில் சரிபார்த்துவிட்டு அளந்து, அதையும் எழுதி வையுங்கள். 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் இரண்டு தரம் உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் விட்டால் 'ஏ', மற்ற இடங்களில் 'பி'. 'பி' தரத்தில் பி.எச். 5.5-இலிருந்து 9.0 வரை, வெப்பம் 40 டிகிரி, பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 50 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 100. 'ஏ' தரத்தில் பி.எச். 6.0-இலிருந்து 9.0, பி.ஓ.டி. 20, திடப்பொருள் 50. உங்கள் மீட்டர் 3.8 காட்டினால் எந்தத் தரத்திலும் அது தப்பு. டி.டி.எஸ். அளவில் ஒரு எச்சரிக்கை: ஜூரு மாதிரி கடலோரப் பக்கங்களில் ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணீர் லோங்காங்குக்குள் பின்னோக்கி வரும். எண் தடாலென்று ஏறும், தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இருக்காது. ஓத அட்டவணையைப் பார்த்து, இறங்கும் ஓதத்தில் மட்டும் அளந்து பாருங்கள்.

குறிப்பேடு எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், நிறம், வாடை, கடைசியாக எப்போது மழை, ஓதம் ஏற்றமா இறக்கமா, மீட்டர் எண். இரண்டு மூன்று வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியவரும். வெள்ளி இரவு, பெருநாளுக்கு முந்தின இரவு, அடைமழை கொட்டும்போது, இவைதான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் நேரங்கள். சுத்திகரிப்புத் தொட்டியின் காற்றூதிக்கு மின்சாரம் செலவு, ரசாயனம் செலவு, சேறு அப்புறப்படுத்துவது அதைவிடச் செலவு. அந்த மூன்றையும் மிச்சம் பிடிக்கத்தான் இந்த வேலை. ஒழுங்கு தெரிந்த பிறகு அதிகாரியிடம் 'வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் வாருங்கள்' என்று சொல்ல முடியும். 'எப்போது பார்த்தாலும் விடுகிறார்கள்' என்று சொன்னால் அவர் தனக்கு வசதியான நேரத்தில்தான் வருவார்.

வீடியோ எடுத்தால் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். விளக்குக்கம்பத்தின் எண்ணிலோ லோரோங் (தெரு) பலகையிலோ தொடங்கி, மெதுவாகத் திருப்பி, குழாய் வாயில் முடியுங்கள். தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லுங்கள். கூகுள் மேப்பில் இடத்தின் எண்களை எடுத்து வையுங்கள். அசல் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் கழன்றுபோகும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1-800-88-2727-ஐ அழையுங்கள். அது ஜே.ஏ.எஸ். எண். அழைத்துவிட்டு எழுத்திலும் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். எண் இல்லாத புகார் கணக்கில் சேராது. மலாயில் நான்கு வரி போதும்: எங்கே, எப்போது தொடங்கியது, என்ன நிறம், இப்போதும் ஓடுகிறதா. 'பயங்கரமான நாற்றம், குழந்தைகள் பாவம்' என்று ஒரு பக்கம் எழுதினால் படிக்கிறவருக்கு எந்தக் குழாய்க்குப் போவது என்று தெரியாது. தொழிற்சாலைப் பெயரை 'இந்தத் திசையில் உள்ளது' என்ற அளவில் சொல்லுங்கள், குற்றவாளி என்று எழுதாதீர்கள்.

ஆள் வருமுன் தண்ணீர் நின்றுவிட்டால்? அடியில் படிந்த சேற்றை எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் போய்விடும், செம்பும் நிக்கலும் குரோமியமும் சேற்றில் தங்கும். விதிகளில் உள்ள வரம்பு கழிவுநீருக்குத்தானே தவிர சேற்றுக்கு இல்லை, ஆகவே இதை மட்டும் வைத்துத் தண்டனை வாங்குவது கடினம். ஆனால் விசாரணை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும். உலோக முலாம் பூசும் இடம் என்றால் கழிவுக் கணக்கையும் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதலாம். உலோகச் சேறு எஸ்.டபிள்யூ. 204 என்ற பட்டியலிட்ட கழிவு. அதை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது, எடுத்துச் சென்றதெல்லாம் மின்னணுப் பதிவில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் முலாம் பூசுகிறான், சேறு மட்டும் வரவே இல்லை என்றால் அந்த உலோகம் எங்கே போனது?

நீங்களே பாட்டிலில் எடுத்து வைத்த தண்ணீர் வழக்குக்கு உதவாது. யார் எடுத்தது, யார் கையில் இருந்தது என்ற சங்கிலி அறுந்துவிட்டது என்று வக்கீல் முதல் கேள்வியிலேயே உடைப்பார். இருந்தாலும் துறையை அசைக்க உதவும் என்று நினைத்தால் சாம் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை முதலில் கூப்பிட்டு, பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில், அதை லோங்காங் தண்ணீரில் அலசக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு கூடிவிடும். உலோகத்துக்குப் பிளாஸ்டிக், அமிலம் அவர்களே போட்டிருப்பார்கள். பி.ஓ.டி. பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்ப வேண்டும். எல்லாம் ஐஸ்பெட்டியில், உறையவிடாமல், அன்றைக்கே ஆய்வகம். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து மூன்று நாள் பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கொண்டுபோனால் காசுதான் வீண். கையுறை போடுங்கள்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். மாசு என்று நிரூபிக்க ஆய்வகம் வேண்டும், லைசென்ஸ் இல்லை என்று நிரூபிக்க வேண்டாம். செபராங் பிறை மாநகராட்சியிடம் (எம்.பி.எஸ்.பி.) அந்த இடத்துக்கு என்ன லைசென்ஸ் என்று எழுத்தில் கேளுங்கள். கிடங்கு என்று வாங்கிவிட்டு உள்ளே பிளாஸ்டிக் கழுவினால் அதுவே மூடப் போதும். விவசாய நிலத்தில் ஜிங்க் கூரை போட்டு நடத்தினால் மாவட்ட நில அலுவலகம் நிலத்தின் நிபந்தனை மீறல் என்று நடவடிக்கை எடுக்கலாம். 2018-இல் சிலாங்கூர் ஜென்ஜாரோமில் திருட்டுப் பிளாஸ்டிக் ஆலைகளை மூடியபோது தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டியதுதான் வேலை செய்தது. அதன் மறுபக்கமும் உண்டு: மூடியவன் வேறு ஊர் பார்த்துப் போவான். அடுத்த ஆண்டு சுங்கைப்பட்டாணியில் அதே புகை. ஆகவே லைசென்ஸ் வழி உங்கள் தாமானைக் காப்பாற்றும், அடுத்த தாமானைக் காப்பாற்றாது. இரண்டு வழியிலும் புகார் போடுங்கள் என்பது அதனால்தான்.

அபராதம் பயப்படும்படி இல்லை என்று பழைய பதில்களில் எழுதியிருப்பார்கள். அது பழைய கதை. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் உச்ச அபராதம் 1 லட்சம் வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. 2024 ஜூலை 7 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தில் அது 1 கோடி வெள்ளி. வழக்குக்குப் போகாமல் கட்டும் சமரசத் தொகையும் அப்படித்தான்: முன்பு 2,000 வெள்ளி கட்டிவிட்டுப் போய்விடலாம், இப்போது உச்ச அபராதத்தில் பாதிவரை போகலாம்.

பிளாஸ்டிக் எரிக்கிற வாடையும் சேர்ந்து வந்தால் பொம்பாவுக்கு (தீயணைப்புத் துறைக்கு) 999, பிறகு ஜே.ஏ.எஸ். காற்றுத் தரக் குறியீட்டைக் காட்டி 'இன்றைக்கு 58தானே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அளவு செபராங் ஜெயா மாதிரி நிலையத்தில் எடுத்தது, உங்கள் லோரோங்கில் எரிவதை அது காணாது. செம்பனைத் தோட்ட ஓரத்தில் சாம்பல்நிறத் தூள் குவியல் கிடந்து, மழை பெய்ததும் அம்மோனியா மூக்கைத் துளைத்தால் அது அலுமினியக் கசடாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றி அணைக்கப் போகாதீர்கள், தண்ணீர்பட்டால்தான் அதிலிருந்து வாயு வரும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் சுங்கை கிம் கிம்மில் கொட்டிய ரசாயனத்தால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டன. தெரியாத ரசாயனத்தின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

'தொழிற்சாலை இல்லாமல் வேலை எங்கிருந்து வரும்' என்று கீழே சிலர் எழுதப் போகிறார்கள், தெரியும். பக்கத்திலேயே ஒழுங்காகச் செலவு செய்து சுத்திகரிக்கிற தொழிற்சாலையும் இருக்கிறது. இந்தக் கள்ளன் குறைந்த விலை சொல்லி டெண்டரைப் பறிப்பது அவனிடமிருந்துதான். கோலா ஜூரு மீனவர்கள் 1970-களிலேயே ஜூரு ஆற்றுக்காகப் போராடினார்கள், அவர்கள் வேலையும் வேலைதானே? அப்புறம், வெளிநாட்டுக் குப்பை என்றால் மட்டும் எல்லாருக்கும் ரோஷம் வருகிறது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் திருப்பி அனுப்பப்பட்டதைக் கைதட்டிப் பகிர்ந்தவர்களே கருப்பெண்ணெயைத் தாமான் லோங்காங்கில் ஊற்றும் மோட்டார் பட்டறைக்குத்தான் சர்வீஸுக்குப் போகிறார்கள். பழைய எஞ்சின் எண்ணெயும் பட்டியலிட்ட கழிவுதான், எஸ்.டபிள்யூ. 305. வீட்டுக்கு முன்னால் இலை கூட்டி எரிப்பதும் திறந்தவெளி எரிப்புதான், அதையும் நிறுத்திவிட்டுப் புகார் போடுங்கள், இல்லாவிட்டால் எதிராளி உங்களையே படம் எடுத்து அனுப்புவான்.

உள்ளே வேலை செய்கிறவர் யாராவது பேசத் தயாராக இருந்தால் அது உங்கள் வீடியோ எல்லாவற்றையும்விட மேல். எந்த வால்வு, யார் திறக்கச் சொன்னது என்பது அவருக்குத்தான் தெரியும். 2010-ஆம் ஆண்டுத் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறையிடம் சொன்னால்தான் பாதுகாக்கும். பேஸ்புக்கிலோ நிருபரிடமோ முதலில் சொன்னவருக்கு அந்தக் குடை கிடையாது. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று எண்ணுள்ள புகாருக்கும் அசைவு இல்லையென்றால் எல்லாப் புகார் எண்ணையும் ஒரே கடிதத்தில் போட்டு பொதுப் புகார் பிரிவுக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் இருக்கின்றன. பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். குறிப்பேட்டோடு போனால் அவர்கள் வேலை பாதியாகும்.

கடைசியாக, தொழிற்சாலையின் பெயரையும் உங்கள் லோரோங் எண்ணையும் பொதுவில் எங்கும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சோதனை முடிவு வருமுன் பெயர் சொல்லி எழுதினால் மானநஷ்ட வக்கீல் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், அதைப் படித்துவிட்டு அவன் ஒரு மாதம் குழாயை மூடி வைத்தால் உங்கள் குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருக்காது.