வீடு வடிவமைத்துப் பழகிய மாணவர் பொதுக் கட்டடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கட்டடக்கலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் திடீரென ‘ஒரு நூலகம் வடிவமை’ என்றால் கை ஓடாதுதான். வீட்டுக்கு உரிமையாளரிடம் கேட்டுவிடலாம். இங்கே வருகிறவர் யாரென்றே தெரியாது.

முகப்பை வரைவதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் யார் எந்த வழியாக நுழைவார், எங்கே நிற்பார் என்று பாருங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அரை நாள் உட்காருங்கள். பார்வையற்றோருக்கான பிரெயில் பிரிவு தரைத்தளத்தில், குழந்தைகள் பிரிவு முதல் தளத்தில். இது தற்செயல் இல்லை.

அப்புறம் அளவுகள். வீட்டுப் படி 190 மி.மீ. வரை உயரலாம், பொதுக் கட்டடத்தில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 150-க்கு மேல் விடாது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 1:12, அதாவது ஒரு பங்கு உயர பன்னிரண்டு பங்கு நீளம். தரையை 60 செ.மீ. உயர்த்தினால் சாய்தளம் மட்டுமே 7.2 மீட்டர், நடுவில் நின்று போகும் சமதளம் தனி. பலரும் இதைக் கடைசி வாரத்தில் வாசலோரம் ஒட்டவைப்பார்கள், அது ஒட்டியதாகவே தெரியும். தரைமட்டத்தை முடிவு செய்யும் அன்றே இதையும் வரைந்துவிடுங்கள்.

கழிப்பறை, தீயணைப்புப் படிக்கட்டு, தூண் இடைவெளி மூன்றும் சேர்ந்தே பாதி வரைபடத்தைத் தீர்மானித்துவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் வரைபடத்தை மதிப்பிடும் ஜூரியில் முதல் கேள்வியே பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.