கப்பி பிழைக்கும் தொட்டியில் ராம் மீன்கள் மட்டும் ஏன் செத்துப்போகின்றன?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். நூறு லிட்டர் தொட்டி, வைத்து மூன்று மாதம் ஆகிறது. கப்பிகள் குட்டி போட்டுப் பெருகுகின்றன. ஜெர்மன் ப்ளூ ராம் மீன்களை இரண்டு தடவை வாங்கினீர்கள். இரண்டு தடவையும் பத்து நாளுக்குள் எல்லாம் போய்விட்டன. வாரந்தோறும் வடிகட்டியைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கழுவுகிறீர்கள், தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது. வெப்பம் 24 டிகிரி, பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7.8. அதை 6.5-க்குக் கொண்டுவர எந்த மருந்து நல்லது?

எந்த மருந்தும் வேண்டாம். இதே கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலை நம்பி, ஒரே வாரத்தில் ஆறு ராம்களைக் கொன்றவன் நான்.

பி.எச். குறைக்கும் திரவம் என்று ஒரு சிறு புட்டி. காலையில் பத்துச் சொட்டு விட்டேன். சோதனைக் குழாயில் நீலமாக (பி.எச். அதிகம் என்று பொருள்) இருந்தது அரைமணி நேரத்தில் இளம்பச்சை ஆனது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாலையில் பார்த்தால் மறுபடியும் நீலம். மறுநாளும் பத்துச் சொட்டு, மறுநாளும் மாலையில் நீலம். ஐந்தாம் நாள் இரவு விட்டதும் அதே பத்துச் சொட்டுதான். விடிந்து எடுத்த தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருந்தது. அந்தச் சோதனைத் திரவம் காட்டக்கூடிய கடைசி நிறம் அது, அதாவது 6. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அது மஞ்சளாகத்தான் நிற்கும். இரண்டு மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மற்ற நான்கும் ஹீட்டருக்குப் பின்னால் நிறம் கறுத்து, துடுப்புகளை உடலோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றன. மதியத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் அமிலத்தை விழுங்கிக்கொள்கின்றன. சோதனைப் பெட்டிகளில் கே.எச். என்று குறிப்பிடுவது இந்தக் கையிருப்பைத்தான். அமிலம் விட்டதும் கார்பன் டை ஆக்சைடு உண்டாகி பி.எச். இறங்கும், அந்த வாயு வெளியேறியதும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கையிருப்பில் கொஞ்சம் கரைந்துபோகிறது. அது தீரும் நாளில் அதே பத்துச் சொட்டைத் தாங்க ஆளில்லை, பி.எச். பாதாளத்துக்குப் போய்விடுகிறது. பி.எச்.சில் ஒரு புள்ளி என்றால் பத்து மடங்கு வித்தியாசம். தினமும் மீனை அந்த ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருக்கிறேன்.

ராம்களின் பூர்வீகம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஓரினோகோ ஆற்றுப் படுகை. அங்கே தண்ணீர் மென்மை, வெதுவெதுப்பு. ஆனால் கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை; 7.2, 7.4 எல்லாம் அவற்றுக்குப் பெரிய கஷ்டமில்லை, நிலையாக இருந்தால் போதும். உங்கள் 7.8-ஐக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலப்பதுதான் வழி. கே.எச். 12 உள்ள தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்தால் 6 ஆகும், பி.எச். தானாகப் பின்தொடரும். வாளியில் கலந்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, வாரம் இருபது லிட்டராக மாற்றுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். கையிருப்பே இல்லாத தண்ணீர் அது, என் ஐந்தாம் நாள் கதைதான் நடக்கும். டி.டி.எஸ். மீட்டரை வைத்து கே.எச்.சைக் கணிக்கவும் வேண்டாம். அது கரைந்திருப்பதையெல்லாம் மொத்தமாகத்தான் காட்டும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் குழாயடி விஷயம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் குடியிருப்பது வடிகட்டிக்குள் இருக்கும் அந்தப் பஞ்சில்தான். புதுத் தொட்டியில் அவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் ஒவ்வொரு வாரமும் குளோரின் கலந்த தண்ணீரில் அவற்றைக் கழுவி விரட்டுகிறீர்கள். தொட்டிக்கு வயது மூன்று மாதம், பஞ்சுக்கு வயது ஏழு நாள். தண்ணீரின் தெளிவை நம்பாதீர்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

இதில்தான் 7.8 உண்மையிலேயே வினையாகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றது அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியம். 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பி.எச். 8 என்றால் ஐந்து பங்கைத் தாண்டும். அதே அளவு கழிவு, ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சு. கப்பி காரத் தண்ணீரில் செழிக்கிற மீன், கொஞ்சம் அம்மோனியாவையும் சமாளித்துவிடும். அதன் ஆரோக்கியத்தை வைத்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்க முடியாது. நைட்ரைட் மிஞ்சினாலும் ஆபத்துதான். அது ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனை ஏற்கவிடாமல் செய்யும்.

ஆகவே வடிகட்டிப் பஞ்சை மாதம் ஒரு தடவை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். அழுக்கு நிறம் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு விடும்முன் அதில் குளோரின் நீக்கும் திரவத்தைச் சேருங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மை. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அது போகாது.

வெப்பம் 24 என்பது ராமுக்குக் குளிர். நாளுக்கு ஒரு டிகிரியாக 28-க்கு ஏற்றுங்கள், கப்பியும் அதைப் பொறுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் குமிழி விடும் காற்றுக்கல் ஒன்று போட்டுவிடுங்கள்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் மூன்று வாரம் தொடர்ந்து 0, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்று வந்த பிறகு மீன் வாங்கலாம். பக்கத்திலிருந்து வரும் மீன் என்றால் பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் சேருங்கள். நெடும் பயணம் செய்து வந்த பை என்றால் அப்படி இழுத்தடிக்கக் கூடாது. மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் பி.எச். இறங்கி, அம்மோனியா தீங்கற்ற வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், கிடந்த அம்மோனியா நஞ்சாக விழித்துக்கொள்ளும். வெப்பம் சமமானதும் வலையால் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

என்னிடம் இப்போது இருக்கும் ஜோடி 7.2-இல் ஒன்றரை ஆண்டாக இருக்கிறது. மாதம் ஒருமுறை தட்டையான கல்லில் முட்டையிட்டு, இரண்டு நாள் விசிறிக் காவல் காத்து, மூன்றாம் நாள் காலையில் அவையே தின்றுவிடுகின்றன. அதற்கு எனக்கும் இன்னும் வழி கிடைக்கவில்லை.