கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் மாணவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி, மதுரை): கதிர்வீச்சுப் புற்றுநோய்ப் பிரிவில் எங்களுக்குச் சில நாட்கள்தான் போஸ்டிங். எதைப் பார்க்க வேண்டும், மேடம்?

பதில்: கருவி எங்கும் ஓடிவிடாது. முதலில் ஒரு நோயாளியோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நான் படித்த காலத்தில் பதினைந்து பேரை லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற கதிர் பாய்ச்சும் கருவி முன் நிறுத்தி அரை மணி நேரம் விளக்கினார்கள். ஏ.சி. நன்றாக இருந்தது என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை மேற்படிப்பில்தான், சிகிச்சையில் தலை அசையாமல் பிடிக்கும் முகக்கவசம் செய்கிற அறைக்குள் போனேன். தொண்டைப் புற்றுநோயாளி ஒருவர் படுத்திருந்தார். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை அவர் முகத்தின்மேல் இழுத்துப் பொருத்தினார்கள். சில நிமிடங்களில் அது அவருடைய மூக்கும் தாடையுமாக இறுகிவிட்டது. மேசை விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. தினமும் 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 35 நாள், மொத்தம் 70 கிரே என்று சொன்னோம். கவசத்தைக் கழற்றியதும் அவர் கேட்டார்: "எழுபதையும் ஒரேயடியாகக் கொடுத்து அனுப்பக் கூடாதா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. நல்ல செல்கள் மறுநாளுக்குள் பழுதைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. கவசம், சி.டி. ஸ்கேன், திரையில் கட்டியைச் சுற்றிக் கோடு வரைதல், மருத்துவ இயற்பியலாளரின் கணக்கு, முதல் நாள் சிகிச்சை என்று அந்த ஒருவர் பின்னாலேயே போங்கள்.

கேள்வி (பயிற்சி மருத்துவர், திருநெல்வேலி): கதிர்வீச்சுச் சிகிச்சையை நோயாளிகள் "கரண்ட் வைக்கிறார்கள்" என்கிறார்கள். திருத்தலாமா?

பதில்: சொல்லை விடுங்கள், பயத்தைக் கவனியுங்கள். ஷாக் அடிக்கும் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுப்பதுபோல ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து கதிர் பெற்றவர் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். முடியும் கதிர் பட்ட இடத்தில்தான் கொட்டும்.

கேள்வி (பெற்றோர், சேலம்): அங்கே போஸ்டிங் போகும் மகளுக்குக் கதிர் பாதிப்பு வராதா?

பதில்: சிகிச்சையின்போது அறைக்குள் நோயாளி மட்டுமே இருப்பார். கதவைத் திறந்தால் கருவி தானாக நின்றுவிடும். உண்மையில் கவலை மறுபக்கம்: கீமோவால் வெள்ளணு குறைந்தவர்கள் அந்த வார்டில் இருப்பார்கள். மகளுக்குச் சளி என்றால் அன்று போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (ஆசிரியர், கோவை): எங்கள் கல்லூரியில் அந்தத் துறையே இல்லையே?

பதில்: மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறதல்லவா, அங்கே தொடங்குங்கள். முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையே வெளிக்கதிர், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, பிறகு உள்ளே கதிர்மூலத்தை வைத்துத் தரும் உட்கதிர். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நோயாளிகள் நடுவில் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று மாணவர்கள் கேட்டு வரட்டும். பஸ் காசு முதல் காரணங்கள் வரும். இன்னொன்றும் அவசியம்: புற்றுநோயாளிக்கு முதுகுவலியோடு கால் பலம் குறைந்தால் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். அன்றைக்கே கதிர்வீச்சுப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி (இறுதியாண்டு மாணவர், தஞ்சாவூர்): இதில் எம்.டி. படித்தால் இயந்திரத்தோடுதானே காலம் கழியும்?

பதில்: வாராந்தரப் பரிசோதனை நடக்கும் ஒரு காலையில் ஓ.பி.யில் வந்து உட்காருங்கள், தம்பி. வாய்ப்புண், விழுங்க முடியாமை, இறங்கிய எடை, வீட்டில் கஞ்சி காய்ச்சித் தர ஆள் உண்டா என்ற விசாரணை. கருவிப் பக்கம் நான் போகவே மத்தியானம் ஆகிவிடும்.