திருவிழா நோட்டீஸ் படிக்கத் தெரியுமா?

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். முதுகலையில் ‘நவீன சமூகத்தில் மதத்தின் தாக்கம்’ என்ற தலைப்பில் ஆய்வு செய்ய ஆசை. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அது தடையாகுமா? எந்தத் துறையில் சேரலாம்?
– வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: முதலில் அந்தத் தலைப்பைக் கிழித்துப் போடுங்கள். அதை வைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: இருநூறு பேரிடம் ‘உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?’ என்று கேள்வித்தாள் நீட்டுவது. முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? ‘ஆம்’ என்று டிக் அடித்துக் கொடுப்பார்கள். நீங்களும் சதவீதம் போட்டு, கலர் கலராக வட்டம் வரைந்து பைண்டு செய்துவிடுவீர்கள்.

நம்பிக்கை இல்லாதது தடையல்ல. பக்தர் எழுதினால் ஆய்வேடு தலபுராணமாகும். நாத்திகர் எழுதினால் மேடைப்பேச்சாகும். இரண்டு பேருமே, ஜனங்கள் என்ன நம்புகிறார்கள் என்பதை விட்டுவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் பிழைத்தார்கள்.

எங்கே பார்ப்பது? திருவிழா நோட்டீசில். ஏதாவது ஒரு கோயிலை எடுத்துக்கொண்டு, முப்பது வருட நோட்டீசுகளைத் தேடுங்கள். கோயில் அலுவலகத்தில் இருக்காது. அச்சகத்தில் விசாரியுங்கள், யார் பேர் அதில் அச்சாகியிருக்கிறதோ அந்த வீட்டுப் பெட்டியில் தேடுங்கள், பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் (அன்றைய பூஜைச் செலவை ஒரு குடும்பமோ குழுவோ ஏற்பது) எதிரே யார் பேர் இருக்கிறது என்று வருடவாரியாக அட்டவணை போடுங்கள். ‘இன்னார் வகையறா’ என்று இருந்த இடத்தில் எப்போது நகைக்கடைப் பேர் வந்தது? எந்தத் தெரு இன்றுவரை நோட்டீசிலேயே இல்லை? தேர் எந்தத் தெரு முனையோடு திரும்புகிறது? உங்கள் ஆய்வு அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது மரியாதைத் தகராறு. ஒரு கோயிலில் மரியாதை பெறும் உரிமை ஒருவருக்கு வழக்கப்படி உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இணை ஆணையருக்குத் தருகிறது. கோயில் மரியாதையாகத் தலையில் பரிவட்டத் துணி கட்டுவது யாருக்கு என்பதற்குச் சட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது என்றால், மதத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றி வேறு புத்தகம் தேட வேண்டுமா? இப்படிப்பட்ட தகராறில் இணை ஆணையர் போட்ட உத்தரவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தைத் தராது. கோயில் பேர், பிரிவு எண், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று குறிப்பாகக் கேளுங்கள்.

விருதுநகர்க்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று கொடுத்த மகமை, கோயிலையும் நடத்தியது, பள்ளிக்கூடத்தையும் நடத்தியது. அந்தக் கணக்கு வழக்கைப் பார்க்க அனுமதி கிடைத்தால் ஒரு முனைவர் பட்டத்துக்கே தாங்கும்.

புள்ளிவிவரத்தை நம்பி ஏமாறாதீர்கள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவீதம். ஆனால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதனால் சுவரில் வேளாங்கண்ணி மாதா படமும், பீரோவில் ‘இந்து’ என்று எழுதிய சாதிச் சான்றிதழும் இருக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டில் போய் ‘என்ன மதம்?’ என்று பேனாவும் கையுமாக நின்றால் உண்மையான பதில் வராது. வந்தாலும், வீட்டையோ தெருவையோ அடையாளம் தெரிகிறபடி ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் உதவித்தொகை அதில் அடங்கியிருக்கிறது.

துறைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவவியல், இஸ்லாமியவியல், சமணவியல் என்று தனித்தனி இடங்கள் உண்டு. நூல்களையும் தத்துவத்தையும் ஆழப் படிக்க அவை நல்லவை. நீங்கள் கேட்பது அதுவல்ல. சமூகவியல் அல்லது மானிடவியல். வேலைக்கும் அதுதான் வசதி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வில் ஒப்பியல் சமயம் தனிப் பாடமாக இருந்தாலும், கல்லூரிகளில் அந்தப் பேரில் பணியிடம் அபூர்வம்.

கடைசியாக, காலண்டர். ஆய்வேடு பெரும்பாலும் நான்காவது செமஸ்டரில் வரும்; டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கையில் நேரம். உங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல் அதற்குள் வந்துவிடும். ஆடிக் கூழைப் பற்றி எழுதுவதாக இருந்தால், மூன்றாவது செமஸ்டர் தொடங்கும்போதே போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் வழிகாட்டி கேட்கும்போது எந்தக் கோயிலிலும் கூழ் காய்ச்ச மாட்டார்கள்.