1066-இன் மேல் ஏன் இத்தனை பழி?

வணக்கம் ஐயா. எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். 'ஆங்கில மொழி வரலாறு' தாள் பெரும் சுமையாக இருக்கிறது. கைடில் 449, 1066, 1476 என்று வருடங்களாக வருகின்றன; மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறேன். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்து, பிரெஞ்சு கலந்ததால் ஆங்கிலம் தன் பழைய இலக்கணத்தை இழந்தது என்ற அளவில்தான் புரிந்திருக்கிறது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? நெட் தேர்வுக்கு இந்தப் பகுதி முக்கியமா?

அன்புள்ள மாணவிக்கு,

நெட் தேர்வை விடுங்கள், அதற்கு வழிசொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 1066 வாக்கியம். சில நாட்களாக நானும் இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் ஆண்டுவாரியாக எழுதிவைத்த ஆண்டுக்குறிப்பைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1116-இல் அந்த மடம் தீப்பிடித்தது. பிறகு ஆண்டுக்குறிப்பின் வேறொரு பிரதியைப் பெற்று, 1121 வரையிலான குறிப்புகளை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். நார்மானியர் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் அந்தப் பக்கங்களில் பழைய ஆங்கிலம் வேற்றுமை உருபு, ஆண்பால் பெண்பால் எல்லாவற்றோடும் கம்பீரமாக நிற்கிறது. அதே சுவடியில் 1132 முதல் 1154 வரையிலான பகுதியை 1155 வாக்கில் ஒருவர் ஒரே மூச்சில் எழுதினார். அங்கே விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. இன்றைய 'the'-க்கு ஸே, ஸேயோ, தாட் என்று பாலுக்கு ஒன்றாக இருந்தது போய் ஏறக்குறைய எங்கும் 'தெ'தான். பிரெஞ்சுச் சொற்களை அதில் தேடுங்கள், விரல்விட்டு எண்ணிவிடலாம்! அவை வெள்ளமாக வந்தது 1250-க்குப் பிறகு. அப்படியானால் இலக்கணத்தை பிரெஞ்சு எப்படியம்மா குலைத்திருக்கும்?

அசை அழுத்தம் சொல்லின் முதலில் விழும் மொழி அது. கடைசி அசை வாயில் தேய்ந்துகொண்டே வந்தது. வடக்கிலும் கிழக்கிலும், கடல் கடந்து வந்து குடியேறிய டேனியரோடு கலந்து வாழ்ந்த ஊர்களில் இன்னும் வேகமாகத் தேய்ந்தது, பீட்டர்பரோவும் அந்தப் பக்கம்தான். மடங்களில் கற்றுக்கொடுத்த எழுத்துநடை இதையெல்லாம் மூடி வைத்திருந்தது. நார்மானியர் செய்தது, அந்த நடைக்கு இருந்த ஆதரவை எடுத்துவிட்டது. கற்றுக்கொடுக்க ஆளில்லாதபோது பேச்சு தானாக ஏட்டில் ஏறியது. எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவே இத்தனை தூரம் உள்ள தமிழில் பிறந்த உங்களுக்கு இதை யாரும் விளக்கவே தேவையில்லை. இருந்தும் கைடில் உள்ளதைக் கிளிப்பிள்ளைபோல் எனக்கே திருப்பி எழுதுகிறீர்கள், அதுதான் கோபமாக வருகிறது.

நான் படித்தபோது எங்கள் ஆசிரியர் இரண்டு பகுதியிலிருந்தும் சில வரிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். என்ன மாறியிருக்கிறது என்று நாங்களே தட்டுத்தடுமாறிச் சொன்னோம். வருடங்களை அவர் கேட்டதேயில்லை, ஆனால் எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

1137-ஆம் ஆண்டுக் குறிப்பைப் படியுங்கள். ஸ்டீபன் மன்னன் காலத்துக் கொடுமைகள் அதில் இருக்கின்றன. கட்டைவிரலில் கட்டித் தொங்கவிட்டார்கள், முடிச்சிட்ட கயிற்றைத் தலையில் சுற்றி மூளை வரை இறங்கும்படி முறுக்கினார்கள். கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் தூங்கிவிட்டார்கள் என்று ஜனங்கள் வெளிப்படையாகவே சொன்னார்களாம். அதை எழுதியவர் விகுதி தொலைந்ததைப் பற்றி ஒரு கணமாவது வருந்தியிருப்பாரா? அண்டை அயலார் பட்டதை, தன் வாயில் வந்த மொழியில் எழுதினார். பழைய நடையில் நின்றிருந்தால் அந்த வலி இப்படி வந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

சரி, புத்தகம் கேட்டீர்கள். முதலில் அந்த ஒரு குறிப்பை அகராதி வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்து முடியுங்கள். எங்கே தடுக்குகிறது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு எந்தப் புத்தகம் என்று சொல்கிறேன்.

அன்புடன்.