பான்'ஸ் லேபிரிந்த் போன்ற டார்க் ஃபேன்டஸி படத்தை 9 வயதுக் குழந்தைக்குக் காட்டலாமா?

இந்தப் படத்தை இந்த வயதில் காட்டாதீர்கள்.

போஸ்டரில் ஒரு சிறுமி நிற்கிறாள், தேவதைக் கதை என்கிறார்கள், ஆஸ்கர் வாங்கிய படம், ஆனால் சிலர் பயங்கரம் என்கிறார்கள், பையனுக்கு 9 வயது, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "அதெல்லாம் பார்க்கலாம்" என்று சொல்லி, உங்களுக்கு மட்டும் மனசு ஒப்பாமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே படத்துக்காக இதே வாக்குவாதம் நடந்தது. அதனால்தான் சுருக்கமாகச் சொல்லாமல் நீளமாக எழுதுகிறேன்.

படம் பிடிக்காமல் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அதுவும் ஒன்று. கியர்மோ டெல் டோரோ 2006-ல் எடுத்த ஸ்பானிஷ் படம். ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை என்று மூன்று ஆஸ்கர். கதை நடப்பது 1944-ல். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது, பாசிச சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. காட்டுக்குள் இன்னும் சண்டை போடும் கொரில்லாப் போராளிகளை ஒழிக்க விடால் என்ற கேப்டன் ஒரு பழைய மில்லில் முகாம் போட்டிருக்கிறான். அவனை மறுமணம் செய்துகொண்ட கர்ப்பிணி அம்மாவுடன் ஒஃபீலியா என்ற சிறுமி அங்கே வருகிறாள். பக்கத்தில் இருக்கும் பழைய சுழல்பாதைக்குள் ஆட்டுக்கொம்பு வைத்த ஒரு விநோதப் பிறவியைச் சந்திக்கிறாள். நீ பாதாள உலகத்து இளவரசி, மூன்று வேலைகளை முடித்தால் திரும்பப் போகலாம் என்கிறது அது. இவ்வளவு மட்டும் கேட்டால் யாருக்கும் குழந்தைப் படம் என்றுதான் தோன்றும்.

இந்தப் படத்தைப் பற்றி எச்சரிப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது அந்த வெளிறிய மனிதனைத்தான். விருந்து மேசையின் தலைமாட்டில் தோல் தொங்க அசையாமல் உட்கார்ந்திருப்பான், கண்கள் உள்ளங்கையில் இருக்கும். பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிரச்சினை அவன் இல்லை, கேப்டன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, முயல் வேட்டைக்கு வந்தோம் என்று சொல்லும் ஒரு வயதான அப்பாவையும் மகனையும் வீரர்கள் பிடித்து வருகிறார்கள். கேப்டன் ஒரு பாட்டிலின் அடிப்பாகத்தால் மகனின் முகத்தில் குத்துகிறான். ஒரு குத்தோடு விடுவதில்லை. கேமராவும் வேறு பக்கம் திரும்புவதில்லை. கதறும் அப்பாவைச் சுட்டுவிடுகிறான். அதற்கப்புறம் அவர்கள் பையைத் துழாவினால் உள்ளே நிஜமாகவே முயல் இருக்கிறது.

அந்த ஆள்தான் ஒஃபீலியா போய்ச் சேர்ந்திருக்கும் வீட்டின் தலைவன், அவளுக்கு அப்பா ஸ்தானம். படம் முழுக்க அவள் அவனோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறாள். அம்மா பிரசவத்தில் இறந்துபோகிறாள். பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் முடிவையும் சொல்லிவிடுகிறேன்: கடைசியில் அந்த மாற்றாந்தகப்பன் கையாலேயே ஒஃபீலியா சுடப்படுகிறாள். அவள் இளவரசியாகத் தன் உலகத்துக்குத் திரும்பினாளா, இல்லை சாகும் நேரத்தில் கண்ட கனவா என்று படம் நம்மிடமே விட்டுவிடுகிறது. பெரியவர்களுக்கு அது அபாரமான முடிவு. 9 வயதுக் குழந்தைக்கு, ஒரு சிறுமி செத்துப்போனாள், யாரும் வந்து காப்பாற்றவில்லை, அவ்வளவுதான் மிஞ்சும்.

போன கோடை விடுமுறையில் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். என் மகளுக்கு 9 வயது, அண்ணன் மகனுக்கு 12, தங்கை மகனுக்கு 6. என் தம்பி சினிமாப் பைத்தியம், நல்ல ரசனை உள்ளவன். மத்தியானச் சாப்பாடு முடிந்து லேப்டாப்பை டிவியில் இணைத்து இந்தப் படத்தைப் போடப் போனான். பிள்ளைகள் முறுக்குத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டாம்டா என்றேன்.

"ஃபேரி டேல்தான்க்கா. நடுவுல கொஞ்சம் ரத்தம் வரும், அப்ப ஓட்டிவிட்ரலாம்."

"எந்தெந்த இடத்துல வரும்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தான். கல்லூரியில் படிக்கும்போது பார்த்தது. வெளிறிய மனிதனை மட்டும் சொன்னான். பாட்டில் அவன் ஞாபகத்திலேயே இல்லை. சரி, நீ மட்டும் உள்ளே போய் முதல் அரைமணி நேரத்தைப் பார்த்துவிட்டு வா, அதுக்கப்புறம் போடலாம்னு நீ சொன்னா நான் தடுக்கலை என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் ஒன்றும் பேசாமல் டிவியிலிருந்து கேபிளைக் கழற்றினான். "வேற படம் பாத்துக்கலாம்டா" என்று பிள்ளைகளிடம் சொன்னான், அவ்வளவுதான்.

அப்பாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. "பொத்திப் பொத்தி வளத்தா நாளைக்கு உலகத்தை எப்படித் தாங்குவாங்க? நாங்க நல்லதங்காள் கதை கேட்டு வளரலையா?" என்றார். இதைப் படிப்பவர்களிலும் பாதிப் பேர் இதையே சொல்வீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். பசி தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட தாயின் கதையைவிட இருட்டான கதை எது? ஆனால் அதை எனக்குச் சொன்னது என் பாட்டி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். நான் மிரண்டால் கிணற்றடியை ஒரு வரியில் தாண்டிவிடுவாள். எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம் என்று என் மனசு தாங்குகிற அளவுக்கு நானே கற்பனை செய்துகொண்டேன். திரை அப்படி இல்லை. இயக்குநர் நினைத்த அளவு ரத்தமும் அவர் நினைத்த சத்தமும்தான் எல்லாப் பிள்ளைக்கும் வந்து சேரும்.

"அம்மன் படம் பார்த்து நாங்கள் கெட்டா போனோம்" என்றும் கேட்பீர்கள். 1995-ல் வந்த அந்த 'அம்மன்' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்த தலைமுறைதான் நானும். ஆனால் அதில் மந்திரவாதி எவ்வளவு ஆடினாலும் அம்மன் வந்து முடித்துவிடுவாள் என்று ஆறு வயதிலேயே நமக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு பயத்தையும் தாங்கினோம். பான்'ஸ் லேபிரிந்த் அந்தப் பிடியைக் கொடுப்பதில்லை. கொடுக்கக் கூடாது என்றே எடுக்கப்பட்ட படம் அது.

அதனால் ஒரு படம் வந்தால் "பயமாக இருக்குமா" என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். கொடுமை செய்வது பூதமா, வீட்டு மனிதனா? அந்தக் குழந்தை மீண்டு வருகிறதா? என் கவலை இந்த இரண்டும்தான்.

அன்றைக்குப் பிள்ளைகள் ஏமாந்து போகக் கூடாது என்று, அடுத்த நாள் சாயங்காலம் 'கோரலைன்' போட்டேன். 2009-ல் ஹென்றி செலிக் எடுத்த ஸ்டாப் மோஷன் படம், அதாவது பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படம்பிடித்தது. முந்தின இரவு நான் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டேன். 6 வயதுக்காரனை அம்மா கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். இதுவும் இருட்டான படம்தான். கோரலைன் என்ற சிறுமியின் வீட்டுச் சுவரில் ஒரு சின்னக் கதவு, அதற்குள் அப்படியே இன்னொரு வீடு, அங்கே இன்னொரு அம்மா. கேட்டதெல்லாம் சமைத்துப் போடுகிறாள். கண்ணுக்குப் பதில் பொத்தான். ஒருநாள் மேசை மேல் ஒரு சின்னப் பெட்டியை நகர்த்துகிறாள். திறந்தால் இரண்டு கறுப்புப் பொத்தான், ஊசி, நூல். இங்கேயே இருக்க வேண்டுமானால் உன் கண்ணிலும் தைத்துக்கொள் என்கிறாள்.

என் மகள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "அவ தச்சுக்க மாட்டால்ல?" என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு அம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். போட்டேன், தூங்கிவிட்டாள். மறுநாள் பார்த்தால் பாட்டியின் தையல் டப்பாவைக் கவிழ்த்து இரண்டு கறுப்புப் பொத்தானைத் தேடி எடுத்து, கண்ணில் வைத்துக்கொண்டு தானே அந்த அம்மாவாகி அண்ணன்காரனைத் துரத்திக்கொண்டிருந்தாள். பயந்ததை ஒரு குழந்தை விளையாட்டாக ஆடினால் அதை ஜீரணித்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

12 வயதுக்காரன்தான் சில நாள் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினான். அவனுக்குப் பொத்தான் கண் பயமே இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து நிஜ அப்பா அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டு உதவி கேட்கும் இடம்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் அப்பா துபாயில் இருக்கிறார். வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் பையனுக்கு இப்போது என்ன கவலை என்று உங்களுக்குத்தான் தெரியும், எந்த இணையதளத்துக்கும் தெரியாது.

இதெல்லாம் என் சொந்தக் கற்பனை இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோன் கேண்டர் என்ற பேராசிரியர் பிள்ளைகளுக்குத் திரையைப் பார்த்து வரும் பயத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1998-ல் பெற்றோருக்காக ஒரு புத்தகமும் எழுதினார். ஏறக்குறைய ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள், உருவம் கோரமாக இருந்தால் நல்லவனாக இருந்தாலும் அழுவார்கள். வளர வளர, நிஜத்தில் நடக்கக்கூடியதுதான் பயமுறுத்தும். சின்னக் குழந்தையிடம் "அது பொய்டா" என்று விளக்குவதால் பெரிய பயன் இல்லை, மடியில் வைத்துக்கொள்வதும் குடிக்க ஏதாவது கொடுப்பதும்தான் உதவும் என்கிறார். 6 வயதுக்காரனைக் கோயிலுக்கு அனுப்பியது அதனால்தான்.

சரி, சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்றால், அதையும் பாருங்கள், ஆனால் கவனமாக. நம் ஊரில் 1983-லிருந்து யுஏ என்று ஒரே பெட்டிதான் இருந்தது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் அது 7+, 13+, 16+ என்று பிரிந்தது. ஓடிடியில் அந்தப் பிரிவு 2021-லேயே வந்துவிட்டது. பான்'ஸ் லேபிரிந்துக்கு அமெரிக்காவில் ஆர். அங்கே பெரியவர் கூட வந்தால் 17 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் ஆர் படம் பார்க்கலாம். "நான் கூட உட்கார்ந்தால் போதுமே" என்று நினைக்க வைப்பது அதுதான். பிரிட்டனில் 15, அதற்குக் கீழே தியேட்டருக்குள் விடவே மாட்டார்கள். கோரலைன் இரண்டு நாட்டிலும் பி.ஜி., அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம். பிரிட்டிஷ் தணிக்கைக் குழுவின் தளத்தில் ஏன் அந்தச் சான்றிதழ் என்று விளக்கமாகவே போட்டிருப்பார்கள். ஐஎம்டிபியில் 'பேரன்ட்ஸ் கைட்' பகுதியில் காட்சி காட்சியாக இருக்கும். பத்து நிமிட வேலை.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. படம் ஸ்பானிஷ். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு 9 வயதுக் குழந்தை எத்தனை வரி படிக்கும்? பேச்சும் காரணமும் போய், குத்துவதும் சுடுவதும் மட்டும்தான் உள்ளே போகும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தை நிறுத்தினால் "ரொம்பப் பண்றா" என்று சொல்லும் ஊரில்தான், பள்ளி ஆண்டு விழாவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லிப்ஸ்டிக் பூசி, சரக்கைப் பற்றிய குத்துப்பாட்டுக்கு இடுப்பை ஆட்ட வைக்கிறார்கள். என் மகள் அந்த வயதில் இருந்தபோது போய்க் கேட்டேன். "எல்லா பேரன்ட்ஸும் இந்த மாதிரிப் பாட்டுதான் மேம் கேக்குறாங்க" என்றார்கள். உடைக்குப் பணமும் நம்மிடமே. பாட்டை மாற்றச் சொன்னேன், மகளைக் கடவுள் வாழ்த்துக்கு மாற்றினார்கள். முன் வரிசையில் இருந்த அத்தனை பெற்றோரும் கைதட்டிக்கொண்டே போனில் படம் பிடித்தார்கள். அங்கே யாருக்கும் "குழந்தைக்கு ஏற்றதா" என்ற கேள்வி வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பையனுக்கு டெல் டோரோவைக் காட்ட ஆசை என்றால், 2022-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவருடைய பினோக்கியோ இருக்கிறது. அதிலும் பாசிசம்தான், முசோலினியின் இத்தாலி. அதிலும் சாவு உண்டு. ஆனால் குழந்தையையும் கணக்கில் வைத்து எடுத்த படம், அமெரிக்காவில் பி.ஜி. கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே, பினோக்கியோ என்ற மரப்பொம்மையைச் செய்யும் ஜெபெட்டோவின் மகன் குண்டு விழுந்து சாகிறான், முடிவில் வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். வீட்டில் தாத்தா பாட்டி யாராவது சமீபத்தில் தவறியிருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

இந்த வாரமே ஏதாவது போட வேண்டுமென்றால் கோரலைன் போடுங்கள். முந்தின நாள் நீங்கள் முழுசாகப் பார்த்துவிடுங்கள், வேகமாக ஓட்டிப் பார்த்தால் போதாது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம், பகலிலோ சாயங்காலத்திலோ போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டோம் என்று தொடங்கும் முன்பே அவனிடம் சொல்லுங்கள். அப்படியே அவன் நிறுத்தச் சொன்னால், "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று இழுக்காமல் நிறுத்திவிடுங்கள்.