சில்வர்ஸ்டோன் 1992: நான்காம் இடத்துக்கு ஏன் அத்தனை சண்டை?

கேள்வி: 1992 பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் (சாலையில் ஓடும் கார் வகைகளையே பந்தயத்துக்காக மாற்றி ஓட்டும் தொடர்) கடைசிப் பந்தயத்தில் இரண்டு கார்கள் மோதிக்கொள்ளும் ஒரு நிமிட வீடியோவைப் பார்த்தேன். பிறகு முழுப் பந்தயத்தையும் தேடிப் பார்த்தால் யார் யாரோடு போட்டி போடுகிறார்கள், நடுவில் ஓடும் கார்களுக்கு ஏன் இவ்வளவு ஆவேசம், ஒன்றுமே பிடிபடவில்லை. இந்த மாதிரிப் பழைய பந்தயங்களை எப்படிப் பார்ப்பது? அப்புறம், அந்த மோதலில் தப்பு யார் மேல்?

பதில்: வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சீசனின் கடைசிப் பந்தயத்தைப் புள்ளிக்கணக்கு தெரியாமல் பார்த்தால் நிச்சயம் குழம்பும், ஏனென்றால் அன்றைக்கு யார் முதலில் வந்தார் என்பதற்கும் யார் சாம்பியன் என்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அந்தக் கடைசிப் பந்தயம் நடந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் அதுதான் நடந்தது. அதனால் முன்னால் ஓடுகிற கார்களைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

சாம்பியன் பட்டத்துக்கு வாய்ப்போடு வந்தவர்கள் மூன்று பேர். வாக்ஸ்ஹால் கேவலியரில் ஜான் கிளீலண்ட், கையில் 145 புள்ளி. பிஎம்டபிள்யூ 318ஐஎஸ்ஸில் டிம் ஹார்வி, 142. டொயோட்டா கரினாவில் முந்தைய ஆண்டின் சாம்பியன் வில் ஹாய், அவரும் ரொம்பத் தள்ளி இல்லை. அந்த ஆண்டு முதலிடத்துக்கு 24 புள்ளி, அடுத்து 18, 12, 10, 8, 6 என்று இறங்கும். இதைத் தாளின் மேலே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பந்தயத்தின் சாவி இந்த எண்களில்தான் இருக்கிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹார்வி நான்காவதாக வந்தால் 152. அவருக்கு நேர் பின்னால் கிளீலண்ட் ஐந்தாவதாக வந்தால் 153, கிளீலண்ட்தான் சாம்பியன். ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு கார் நுழைந்துவிட்டால் கிளீலண்ட் ஆறாவது, 151, பட்டம் ஹார்விக்கு. அந்த ஒரு கார் யாருடையது? ஹார்வியின் அணித்தோழர் ஸ்டீவ் சோப்பர். அவருக்குப் பட்டம் வெல்லும் வாய்ப்பு கிடையாது. அதே அணி, அதே பிஎம்டபிள்யூ, கையாள்வதில் அந்தக் காலத்து டூரிங் கார் உலகிலேயே முதல் வரிசையில் வைக்க வேண்டிய ஆள். நீங்கள் கேட்ட ‘நடுவில் ஓடும் கார்களுக்கு ஏன் ஆவேசம்’ என்பதற்கு இதுதான் பதில். என்னைப் பொறுத்தவரை இந்தப் பந்தயத்தின் நாயகன் ஹார்வியும் இல்லை, கிளீலண்டும் இல்லை. சோப்பரைப் பின்தொடர்ந்து பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

ஆரம்பத்திலேயே ஒரு மோதலில் சிக்கி சோப்பர் கடைசிக்குத் தள்ளப்படுகிறார், கார் அடிபட்டிருக்கிறது. அங்கேயிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி மேலே வருகிறார். இதைப் பார்க்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும்: பிபிசியில் அப்போது காட்டியது வெட்டித் தொகுத்த படம். சில சுற்றுகள் அப்படியே காணாமல் போயிருக்கும், ஒரு கார் திடீரென்று மூன்று இடம் முன்னால் வந்து நிற்கும், நாம் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றும். அது உங்கள் தவறில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் நிறுத்தி, கேவலியர் எங்கே, இரண்டு பிஎம்டபிள்யூ எங்கே என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

கடைசிச் சுற்றுகளில் சோப்பர் கிளீலண்டை எட்டிப்பிடித்து, இடித்துக்கொண்டே தாண்டுகிறார். கிளீலண்ட் நடுவிரலைக் காட்டுகிறார், காருக்குள் வைத்த உள்கேமராவில் பளிச்சென்று தெரியும். வர்ணனையாளர் மர்ரே வாக்கர் அதற்கு ‘முதலிடத்துக்குப் போகிறேன் என்கிறார் ஜான் கிளீலண்ட்’ என்று பொருள் சொன்னார், இன்றுவரை அந்த வரியை ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். ஹார்வியும் முன்னே போய்விட, கிளீலண்டுக்கு முன்னால் இப்போது சோப்பரின் கார். தாளில் போட்ட கணக்கு அப்படியே தடத்தில் ஓடுகிறது.

இனி இரண்டு திருப்பங்கள். புரூக்லண்ட்ஸ் இடப்பக்கம் திரும்பும், அதை ஒட்டியே வரும் லஃபீல்ட் வலப்பக்கம் திரும்பும். புரூக்லண்ட்ஸில் உள்பக்கம் புகுந்து ஒருவரைத் தாண்டினால், அடுத்த நொடியே லஃபீல்டில் நீங்கள் வெளிப்பக்கம், தாண்டப்பட்டவர் உள்பக்கம். இந்த அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டு பார்த்தால்தான் மோதல் புரியும். கிளீலண்ட் புரூக்லண்ட்ஸில் உள்பக்கம் திணித்துப் புகுகிறார், கார்கள் உரசுகின்றன, கேவலியர் இரண்டு சக்கரத்தில் எழும்பி இறங்குகிறது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் லஃபீல்டுக்குத் திரும்பும்போது, அதே உள்பக்கத்தில் சோப்பர் பாய்ந்து வந்து அவர் காரின் பக்கவாட்டில் இடிக்கிறார். இருவருக்கும் பந்தயம் அங்கேயே முடிந்தது. ஹார்வி நான்காவதாக ஓடி முடித்து 152 புள்ளியோடு சாம்பியன், ஹாய் 149, கிளீலண்ட் அதே 145. காரை விட்டு இறங்கிய கிளீலண்ட் சோப்பரைப் பற்றிச் சொன்னது: ‘அந்த ஆள் ஒரு மிருகம்.’

சரி, தப்பு யார் மேல்? நான் சோப்பர் மேல்தான் வைப்பேன். அணித்தோழருக்காக எதிராளியை மறிப்பது டூரிங் காரில் காலங்காலமாக உண்டு, அதை நான் குற்றமாகவே பார்க்கவில்லை. புரூக்லண்ட்ஸில் கிளீலண்ட் செய்ததும் முரட்டுத்தனம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நகர்வுக்குப் பிறகு இரண்டு காருமே ஓடிக்கொண்டிருந்தன. லஃபீல்டில் சோப்பர் எடுத்த முடிவு, எதிரே இருப்பவர் விலகினால் மட்டுமே பலிக்கக்கூடியது, பட்டத்துக்காக ஓடுகிற ஆள் அங்கே விலகமாட்டார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. வேண்டுமென்றே இடித்தாரா என்று காலங்காலமாக வாதாடுகிறார்கள். ஒருவர் மனதில் இருந்ததை வீடியோவில் தேடுவதைவிட, கார் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, திருப்பத்தின் தொடக்கத்தில் யாருடைய மூக்கு எங்கே இருந்தது என்று பாருங்கள். வீடியோவை மெதுவாக ஓட்டி, முதலில் உள்கேமரா, பிறகு வெளிக்கேமரா என்று பார்த்தால் நீங்கள் வேறு முடிவுக்கும் வரலாம், அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னும் பழைய பந்தயங்களுக்குப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1991 முதல்தான் எல்லாரும் இரண்டு லிட்டர் கார்கள் என்ற ஒரே பிரிவாக ஆனார்கள். அதற்கு முன் பல பிரிவுகள் ஒரே தடத்தில் சேர்ந்து ஓடும், புள்ளிகள் அந்தந்தப் பிரிவுக்குள். முன்னால் பெரிய ஃபோர்டு சியராக்கள் சீறிக்கொண்டு போக, பின்னால் சின்னக் காரில் ஓடுகிறவர் சாம்பியன் ஆகிவிடுவார். 1989இல் இதே கிளீலண்ட் வாக்ஸ்ஹால் ஆஸ்ட்ராவில் பட்டம் வென்றது அப்படித்தான். அந்தக் காலத்துப் பந்தயம் என்றால், படம் ஆரம்பிக்கும் முன்பே எந்தக் கார் எந்தப் பிரிவு என்று தேடி எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: 1995 சீசன். கிளீலண்ட் கேவலியரிலேயே இரண்டாவது பட்டத்தை எடுத்த ஆண்டு அது. லஃபீல்டில் நொறுங்கி நின்ற ஆளைப் பார்த்த சூட்டோடு பார்த்தால் அந்த வெற்றி இன்னும் பெரிதாகத் தெரியும்.